பைய, கோபத்தோடு

அக்காவைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது, "பாவம், நல்ல மனுஷி, கொஞ்சம் முன்கோபம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதென்ன பாவம்? அதென்ன கொஞ்சம்? எங்கள் சபையில் பாதிப் பேர் தாங்கள் படவேண்டிய கோபத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, நல்லவர்களாக வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் அதையே குற்றமாக எழுதி அவரை வெளியே அனுப்பினார்கள். அதனால் இதைச் சாந்தமாக எழுத எனக்கு வராது.

மலையாளம் பேசும் எங்கள் நகரத்தின் ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருடைய அண்ணனுக்குக் கயிறு, சாக்கு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா அந்தக் கடையின் பில் மேசையில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக் கோவிலில் ஆர்கன் வாசிப்பார். நான் அந்தக் கோவிலின் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல். பகலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் பழவங்காடியில் பஸ் பிடிக்கப் போகும் வழியில் அக்காவின் கடைக்குள் நுழைந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

கடைக்கு வெளியே நின்றாலே அவர் குரல் கேட்கும். லாரியைக் குறுக்கே நிறுத்தியவனுக்கு ஒரு ஏச்சு. கிளாஸில் பாதி நுரையாக டீ கொண்டுவந்தவருக்கு ஒரு ஏச்சு. பேச்சு கடுகு பொரிவதுபோல் வரும். நடந்தால் கூட வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். மத்தியானச் சோற்றை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். அவரைப் போல ஓர் அவசரக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் பாட்டை யாராவது அவசரப்படுத்தினால் மட்டும் அவரால் மன்னிக்க முடியாது. மற்ற ஏச்செல்லாம் சில்லறை. அவருடைய உண்மையான கோபம் இந்த ஒரு விஷயத்துக்காகவே சேர்த்து வைத்ததுபோல் இருக்கும்.

எங்கள் குழுவிடம் இருந்த பாட்டுத் தாள்களெல்லாம் நகலின் நகலின் நகல். கோடு எது, சுரம் எது என்று தெரியாது. அவற்றையெல்லாம் அக்கா கடைக் கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒரு சன்னலில் பில் போடுகிற மென்பொருள், பக்கத்துச் சன்னலில் ஐந்து கோடுகளில் சுரம் எழுதுகிற மென்பொருள். சுரங்களைப் போட்டு முடித்ததும் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வேகக்குறி போட வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று ஓர் எண், பக்கத்தில் எப்படிப் பாட வேண்டும் என்று ஒரு வார்த்தை. எண் எதுவும் போடாவிட்டால் அந்த மென்பொருள் எந்தப் பாட்டையும் தன்பாட்டுக்கு நூற்றிருபதில் வாசித்துத் தள்ளும்.

ஒரு தடவை அவர் வேகக்குறி போடுவதற்கு முன்னால் வாசிப்புப் பொத்தானில் கை பட்டுவிட்டது. துக்க வெள்ளிக்கிழமைப் பாட்டு நூற்றிருபதில் ஓடியது. சாக்குக்கட்டைத் தலையிலிருந்து இறக்கிய சுமட்டுத் தொழிலாளி ஒருவர், "எந்தா சேச்சீ, கல்யாணப் பேண்ட் மேளமோ?" என்று கேட்டார். அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியா பிள்ளே? நாம ஒண்ணும் சொல்லல்லன்னா அது இப்படித்தான் ஓடும். சிலுவையில தொங்குறவரக்கூட ஓட வைக்கும்."

அண்ணன் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து, "டெம்போ போட்டாச்சா?" என்று கேட்பார். அவர் கேட்பது சரக்கு ஏற்றுகிற வண்டியை. பாட்டின் வேகத்துக்கும் டெம்போ என்றுதான் பெயர். அக்கா கணினியைப் பார்த்தபடி, "போட்டுட்டேன், ஐம்பத்தெட்டு" என்பார். அண்ணன் வெளியே போய் வண்டி வந்ததா என்று தானே பார்த்துக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர்.

எண்ணுக்குப் பக்கத்தில் எல்லோரும் இத்தாலிய வார்த்தை போடுவார்கள். அக்கா பியானோப் பரீட்சைகள் எல்லாம் எழுதித் தேறியவர், அந்த வார்த்தைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் தமிழில்தான் போடுவார். "பைய. பிள்ளைய ஒறக்குத மாதிரி." "நடக்கணும், ஓடக்கூடாது." "சந்தோசமா, ஆனா பல்லு காட்டாம." ஒரு பாட்டின் நடுவில், மேல்குரல் பாடுகிற டெனர் ஆண்கள் எப்போதும் முந்திக்கொள்கிற இடத்தில், "இங்க மூச்சு விடுங்க, யாரும் தொரத்தல்ல" என்று இருக்கும். புதிதாகக் குழுவில் சேர்கிறவர்கள் தாளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு அந்த இடத்தில் மூச்சு விடுவார்கள்.

எங்கள் குழுத் தலைவருக்கு இது பிடிக்காது. அவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல குரல். சிதறிக் கிடந்த குழுவைச் சேர்த்துக் கட்டியவர், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு. "சிஸ்டர், வெளியிலிருந்து ஆளுங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? ஒரு ஸ்டாண்டர்டு வேண்டாமா?" என்பார். அக்கா, "வெளியாளு வந்தா அவருக்கு வேற தாள் தாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு கல்யாணம் நினைவுக்கு வருகிறது. மணப்பெண் பெஞ்சுகளுக்கு நடுவே பாதி தூரம் வந்திருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிற கம்பெனிக்காரர் ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஆர்கன் பக்கம் வந்து குனிந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் ஸ்பீடா வாசிக்கலாமா? ஷாட் லெங்த் கூடிப் போகு" என்றார். அக்கா ஆர்கன் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். மணப்பெண் ஒரு காலை முன்னே வைத்தபடி நின்றுவிட்டாள்.

"அந்தப் பெண்ணு பட்டுச்சேலையும் கட்டி, உயரச் செருப்பும் போட்டு, அப்பன் கையப் பிடிச்சிட்டு நடக்கு" என்றார் அக்கா, கடைசி வரிசை வரை கேட்கும்படி. "உங்க கேமராவுக்காக அவ ஓடணுமா? அவளுக்கு இந்த நடை ஒரு தடவதான். உமக்கு அடுத்த சனிக்கிழமையும் கல்யாணம் உண்டு."

பிறகு விட்ட இடத்திலிருந்து, விட்ட வேகத்திலேயே வாசித்தார். மணப்பெண் சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். பெண் வீட்டார் மட்டும் மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படி எத்தனையோ. அவர் ஏச்சு வாங்காதவர்கள் எங்கள் சபையில் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சொல்ல வந்தது அவருடைய தங்கையைப் பற்றி.

தங்கை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கொரோனா உச்சத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை, நேராகக் கல்லறைத் தோட்டம். வெள்ளை உடுப்பு மாட்டிய சிலர் தூக்கினார்கள். போதகர் தன் வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் ஜெபம் சொல்ல, அதை ஒருவர் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவைத்தார். அண்ணனும் காய்ச்சலில் கிடந்தார். அக்கா மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

"பாட ஆரம்பிச்சேன் பிள்ளே" என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "உள்ள நின்ன ஒருத்தன் கையக் காட்டி, வேகம், வேகம்னான். அடுத்த வண்டி வெளிய நிக்குதே. நான் ஒரு வரிதான் பாடினேன். அதுக்குள்ள மண்ணு போட்டு மூடியாச்சு."

அவன்மேல் கோபமில்லையா என்று கேட்டேன்.

"அவன்மேல எதுக்கு? காலையிலிருந்து அந்த உடுப்புக்குள்ள வெந்துட்டு நின்னான். தண்ணி குடிக்கக்கூட முடியாது அவனுக்கு. அவன் எனக்க தங்கச்சியத் தொட்டுத் தூக்கினவன். நான் தொடல்ல."

நிலைமை சரியாகி மறுபடி எல்லோரும் கூட ஆரம்பித்தபோது, அந்தக் காலத்தில் இறந்துபோன எங்கள் சபையாருக்காக ஒரு நினைவு ஆராதனை நடத்துவதென்று கமிட்டி முடிவு செய்தது. அக்கா அதற்காக ஒரு பாட்டு எழுதினார். சொல்லும் மெட்டும் அவருடையவை. இரண்டு சரணம். உன்னை அவசரமாக அனுப்பிவிட்டோம், பொறுத்துக்கொள் என்பதுதான் மொத்தத்தில் அதன் பொருள். இரண்டு சரணங்களுக்கும் நடுவில் ஆர்கன் மட்டும் பைய வாசிக்கும், குழு வாயை மூடி முனகும், அப்போது இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்.

அந்தப் பெயர்களுக்காகத்தான் அவர் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தார். மணி அடித்துக் கோவிலைப் பெருக்கித் திறந்து மூடுகிற கோயில்குட்டியாரைக் கடைக்கு வரவழைத்தார். வயதானவர், பல் போய்விட்டது, சாவகாசமாகப் பேசுகிறவர். தார்ப்பாய்க் கட்டின்மேல் அவரை உட்காரவைத்து, கணினியில் பாட்டை ஓடவிட்டு, பெயர்களை வாசிக்கச் சொன்னார். அறுபத்தாறு போட்டுப் பார்த்தார். ஒரு பெயர் முடியும் முன் அடுத்த பெயருக்கான இடம் வந்துவிட்டது. அறுபது போட்டார். கோயில்குட்டியார், "மோளே, ஸ்வாசம் விடணுமே" என்றார். கடைசியில் ஐம்பத்திரண்டில் வந்து நின்றது. அதில் ஒரு பெயரை முழுதாகச் சொல்லலாம். சொன்ன பிறகு, அந்தப் பெயருக்குரிய வீட்டார் அதைக் கேட்டு ஒரு மூச்சு விடலாம். தாளின் தலையில் ஐம்பத்திரண்டு என்று போட்டு, பக்கத்தில் "பைய. கோபத்தோட" என்று எழுதினார்.

"துக்கத்தோடன்னு தானே போடணும்?" என்றேன்.

"துக்கம் அவங்களுக்கே வரும். நாம எழுதிக் குடுக்கண்டாம்."

குழுவில் தாளைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் பெரிது. மற்றவர்கள் ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்கிறவர்கள். அதனால் மென்பொருளிலிருந்து ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஒலிப்பதிவு எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம். அதைச் செய்வது தலைவரின் வேலை. அக்கா பாட்டு இருந்த கணினிக் கோப்பை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்.

ஒருநாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து நான் என் ஆல்டோப் பதிவைக் கைப்பேசியில் போட்டுக் கூடவே பாடிக்கொண்டிருந்தேன். வேகம் கூடித் தோன்றினாலும், அக்காவே மாற்றியிருப்பார் என்று விட்டிருந்தேன். அக்கா பில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"அது என்னது?"

"நம்ம பாட்டு அக்கா."

"எந்த நம்ம பாட்டு?"

கைப்பேசியை வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டார். தலைவரை அழைத்து, ஒன்றும் விளக்காமல், கோப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஏதோ திருத்தம் செய்யப் போகிறார் என்று அவரும் அனுப்பிவிட்டார். அக்கா அதைத் திறந்தார். தாளின் தலையில் அவர் போட்ட ஐம்பத்திரண்டு அப்படியே இருந்தது. "பைய. கோபத்தோட" என்பதும் இருந்தது. வாசிப்புப் பொத்தானை அழுத்தினால் பாட்டு ஓடியது.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு வேகக்குறியைப் போட்டு அதை மறைத்து வைக்கலாம். அச்சடித்தால் தாளில் வராது, ஆனால் வாசிக்கும்போது வேலை செய்யும். முடிவில் பாட்டு கொஞ்சம் தளர வேண்டிய இடங்களில் அக்காவே அதைப் பயன்படுத்துவார். மறைந்திருப்பதைக் காட்டு என்ற கட்டளையை அவர் தட்டினார். அவருடைய ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்திலேயே, மங்கிய சாம்பல் நிறத்தில், எண்பத்துநான்கு எழும்பி வந்தது.

அவர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். கத்தவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "கடைய நீ பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முகத்துக்கு நேரே மாற்றியிருக்கலாம். இது வேண்டாம், அது வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய கோபத்தைச் சமாளிக்க முடியாது என்று, அவர் எண்ணைத் தாளில் அவருக்காக விட்டுவைத்து, அதன் அடியில் தங்கள் எண்ணைப் புதைத்தார்கள். அவர் பெயர் போட்ட தாளுக்குள்ளேயே.

அன்றைக்கே கோவில் அலுவலக அறையில் தலைவரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். கமிட்டிச் செயலாளரும் அங்கே இருந்தார்.

"சிஸ்டர், இதொண்ணும் பெரிய பிரச்சினை இல்ல" என்றார் தலைவர். "சேனல்ல லைவ் போறது ஒரு மணிக்கூர்தான். செய்தி உண்டு, சாட்சி உண்டு, பிஷப் வீட்டிலிருந்து வாழ்த்துச் செய்தி உண்டு. உங்க பாட்டு மட்டும் இவ்வளவு நேரம் எடுத்தா எப்படி?"

"பேரு வாசிக்கணுமே."

செயலாளர் சொன்னார்: "பேரு ஸ்கிரீன்ல வரும். அழகா டிசைன் பண்ணிருக்கோம். கீழேருந்து மேல போகும், பின்னாடி மெழுகுவர்த்தி எரியும்."

"கோயில்குட்டியார் வாசிப்பாருன்னு வீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் நான் சொல்லிட்டேன்."

"அவரு வாசிச்சா நாளைக்குத்தான் முடியும்" என்று சிரித்தார் செயலாளர். "ஜனங்க போரடிச்சுப் போயிடுவாங்க சிஸ்டர். துக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்."

"போரடிக்கிறவங்க போட்டும்" என்றார் அக்கா. "செத்தவங்க எங்கயும் போகல்ல, கேட்டியளா? அவங்களுக்கு நேரம் உண்டு. ஒருதடவ ஓட ஓட அனுப்பினது போதாதா? அன்னைக்கு வியாதி தொரத்திச்சு. இன்னைக்கு யாரு தொரத்துதா?"

தலைவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கமிட்டி முடிவு என்றார், தன் கையில் ஒன்றுமில்லை என்றார். "குழு எண்பத்துநாலுல பழகியாச்சு. இனி மாத்த முடியாது. உங்களுக்குக் கஷ்டம்னா அன்னைக்கு மட்டும் யூத் குரூப்பில யாரையாவது கீபோர்டு வாசிக்கச் சொல்லட்டுமா?"

அக்கா எழுந்தார். "வேண்டாம். நானே வாசிக்கேன்."

அவர் அடங்கிவிட்டார் என்று அவர்கள் நினைத்தார்கள். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிப் புன்னகைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பியிருந்தது. வெகுநாளாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். முன் சுவரில் பெரிய திரை. எங்கள் ஆர்கன் பக்கவாட்டில் இருக்கிறது, வாசிப்பவர் குழுவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். தலைவரின் கை அசைவு தெரிவதற்காக ஆர்கன்மேல் ஒரு கண்ணாடி பொருத்தியிருக்கும். எங்கள் பாட்டின் முறை வந்தபோது அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், கையை நீட்டி அந்தக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார்.

முன்னிசை ஐம்பத்திரண்டில் வந்தது. வேகத்தைக் கூட்டச் சொல்லித் தலைவர் இடது கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் சுவர்தான் தெரிந்திருக்கும். நாங்கள் தொடங்க வேண்டிய இடம் வந்ததும் அவர் எண்பத்துநான்கில் கையை வீசினார். மேல்குரல் பாடுகிற சோப்ரானோப் பெண்கள் கையைப் பார்த்துப் புறப்பட்டார்கள். வாரக்கணக்காக அந்த வேகத்தில்தான் அவர்களுக்குப் பாட்டு தொண்டையில் ஊறியிருந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆர்கன் அசையவில்லை. நான் தலைவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்துப் பாடினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆல்டோக்கள் என்னோடு வந்தார்கள். ஒரு வரிக்குள் பாட்டு இரண்டாகக் கிழிந்து, அலங்கோலமாகி, சபையில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கீழ்க்குரல் பேஸ் ஆண்கள் ஆர்கனோடு வந்து சேர்ந்தார்கள். டெனர்கள் வந்தார்கள். சோப்ரானோக்கள் கடைசியாக, ஓடிப்போன பிள்ளைகள் திரும்புவதுபோல வந்தார்கள். தலைவரின் கை மட்டும் முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரணம் முடிவதற்குள் அவரும் கையை இறக்கிவிட்டார்.

முனகல் தொடங்கியது. திரையில் பெயர்கள் மேலேறின. எண்பத்துநான்குக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது அது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பெயர் மேலே போய் மறைந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அவருடைய மகனின் பெயர் போய்விட்டது. "வந்ததா? வந்துட்டா?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் பெயர்களும் ஓடி முடிந்தன. நாங்கள் இன்னும் முனகிக்கொண்டிருந்தோம். மெழுகுவர்த்தி மறைந்து, அடுத்த படம் வந்தது. எங்கள் சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்று ஒரு மணிப் படத்துடன்.

அக்கா நிறுத்தவில்லை. பெயர்களுக்காக வைத்திருந்த அந்தச் சின்னப் பகுதியையே மறுபடி மறுபடி வாசித்தார்.

நடுவில் ஒருவர் எழுந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், யாரோடும் அதிகம் பேசாதவர். திரையைக் கையால் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு அதை விட்டுவிட்டு, "எனக்க பெண்டாட்டி. ரோஸ்லின்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஆர்கன் அந்தப் பெயருக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டது.

அந்த முன்வரிசை அம்மா எழுந்து மகன் பெயரைச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் பெயரைச் சொன்னார்கள், சிலர் வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார்கள். ஒரு பெண் "அப்பா" என்று மட்டும் சொன்னாள். சொல்ல ஆள் இல்லாத பெயர்களைக் கோயில்குட்டியார் வாசலில் நின்று, பல்லில்லாத வாயால், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். செயலாளர் தொழில்நுட்ப மேசைப் பக்கம் ஓடினார். நேரலையை நிறுத்தச் சொன்னாரா, திரையை அணைக்கச் சொன்னாரா தெரியவில்லை. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஒரு பெயர் மட்டும் வரவில்லை. அக்காவின் தங்கையின் பெயர். அக்கா வாசித்தபடியே இருந்தார். அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் சொல்லிவிடலாமா என்று நினைத்தபோது, பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"ஜெயந்தி" என்றார். கொஞ்சம் நின்று, "எங்க குட்டி" என்றார்.

அக்காவின் கைகள் அந்தச் சுரங்களின் மேலேயே நின்றுவிட்டன. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே வேகக்குறி எதுவும் இல்லை. பிறகு இரண்டாவது சரணத்துக்குப் போனார். நாங்கள் பாடினோம், சபை முழுவதும் பாடியது, தெரியாத பாட்டைத் தெரிந்ததுபோல.

இவ்வளவும் நடந்த பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த வாரமே கமிட்டி கூடி, ஆராதனை ஒழுங்கை மீறினார், தலைவரை அவமதித்தார், கோபசுபாவம் உள்ளவர் என்று எழுதி அவரை ஆர்கனிலிருந்து நீக்கினார்கள். பெயர் சொல்லி அழுதவர்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டத்துக்கு வெளியே வந்து நிற்கவில்லை. நானும் இன்னும் மூன்று ஆல்டோக்களும் போய்ப் பேசினோம். "உங்களுக்கும் வேணும்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். குழுவிலிருந்து விலகுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதையாவது பொறுக்கலாம். அந்த வீடியோவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நேரலையை எடுத்துவிட்டு, வெட்டி ஒட்டிய ஒன்றைச் சேனலில் போட்டார்கள். பெயர்கள் எல்லாம் போய்விட்டன. ஆட்டோக்காரர் இல்லை, அந்த அம்மா இல்லை, அண்ணன் இல்லை. முதல் சரணம் முடிந்ததும் இரண்டாவது சரணம். மீதியையும் வேகப்படுத்தியிருந்தார்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்ட இப்போது வழி இருக்கிறதே. எங்கள் வாயெல்லாம் பொம்மை வாய்போல் பட்பட்டென்று திறந்து மூடுகிறது. ஓரத்தில் அக்காவின் தோள் துடிக்கிறது. கீழே வரிசையாக, அருமை, ஆசீர்வாதமாக இருந்தது என்று கைகூப்பிய படங்கள்.

அக்கா அதன்பிறகு எந்தக் கோவில் ஆர்கனிலும் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் அண்ணன் கடையையும் விட்டுவிட்டு, மாநில எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம் தங்கை வாழ்ந்த வீட்டுக்கே குடிபோனார். எனக்கும் மாற்றலாகி, பார்ப்பது குறைந்து, பிறகு நின்றுபோனது.

போன மழைக்காலத்தில் என்னோடு வேலை பார்க்கிற ஒருவரின் தகப்பனார் அடக்கத்துக்காக எல்லைப் பக்கம் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பேட்டரிக் கீபோர்டு. யாரோ குடை பிடித்திருக்க, அக்கா வாசித்துக்கொண்டிருந்தார். எந்தச் சபையானாலும், யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறாராம். மழை வலுத்தது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஒரு சரணத்தோட நிறுத்திக்கலாமே" என்றார்.

"நனையப் பயமா இருந்தா நீங்க வேன்ல போய் இரிங்க ஐயா" என்றார் அக்கா, கையை எடுக்காமலே. "இவரு நனைஞ்சிட்டுத்தான் கெடக்காரு."

போதகர் அசையாமல் நின்றார். மண்வெட்டியோடு நின்றவர்களும் நின்றார்கள். பாட்டு முழுதாக முடிந்தது. அக்கா அவர்களைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் முதல் மண் விழுந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு அவர் பின்னால் ஓடித்தான் பிடிக்க முடிந்தது. முடி வெளுத்திருந்தது, நடை மாறவில்லை. எனக்கு வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டினேன். அந்த வீடியோ இன்னமும் அங்கேயே கிடக்கிறது, ஒவ்வொரு வருஷமும் யாராவது எடுத்துப் பகிர்கிறார்கள், நாலு பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் எடுக்க வைக்கலாம், நான் முன்னால் நிற்கிறேன் என்றேன்.

"எடுக்கண்டாம்" என்றார்.

"எப்படி அக்கா? அதைப் பாத்தாலே எனக்கு..."

"கெடக்கட்டும் பிள்ளே. நாம சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். அவனுவ எப்படி ஓடினானுவன்னு அவனுவளே படம் பிடிச்சு வச்சிருக்கானுவ. ஊரு பாக்கட்டும்."

பஸ் வந்தது. அது நிற்பதற்குள் படியில் ஏறிவிட்டார். ஏறியதுமே கண்டக்டரை ஏச ஆரம்பித்தார். பின்னால் வயதான ஒருவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாராம், அதற்குள் பெல் அடித்துவிட்டாராம்.